மிஞ்சிய எஃகு உருண்டை

2015-ஆம் ஆண்டின் தொடக்கம். எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். நண்பர்களுள் சிலர் பேரங்காடிகளில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்திருந்தனர். நானோ கைப்பேசியும் கையுமாக வீட்டில் கிடந்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அம்மா, எட்டாம் நாள் காலையில் மாமாவின் பட்டறைக்கு என்னை அனுப்பிவைத்தார்.

மாமா என்றால் உறவுக்காரர் அல்லர். பீடோங்கிற்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு எதிர் லயத்தில் வாழ்ந்தவர். தோட்டத்தில் எல்லாரும் எல்லாருக்கும் மாமா, அத்தை, அண்ணன், அக்காதான். அப்பா அங்கே பால்மரம் சீவினார். மாமா தோட்டத்து டிராக்டர்களைப் பழுதுபார்ப்பவரிடம் எடுபிடியாக இருந்து தொழில் கற்றார். பிறகு, பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள்கள் தேவைப்படவில்லை. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நாங்கள் சுங்கைப் பட்டாணியில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தோம். மாமா பக்கார் ஆராங் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையைத் திறந்தார். அங்கே பெரும்பாலும் பிக்கப் வண்டிகளும் சிறு லாரிகளும்தான் வரும்.

முதல் இரண்டு வாரம் நான் செய்தது கூட்டுவது, கழுவுவது, ஸ்பேனர்களை அளவு பார்த்து அடுக்குவது, தேநீர் வாங்கிவருவது. 12-ஆம் எண் ஸ்பேனரையும் 13-ஆம் எண் ஸ்பேனரையும் கண்ணால் பார்த்தே பிரித்தறியப் பழகியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றம்.

மூன்றாவது வாரத் திங்கட்கிழமை ஒரு பிக்கப் வண்டி வந்து சேர்ந்தது. வந்தது என்று சொல்வதைவிட, இழுத்துக்கொண்டு வந்தார்கள் என்பதே சரி. கோல கெட்டில் வட்டாரத்தில் சிறு தோட்டக்காரர்களிடமிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிக் கொள்முதல் நிலையத்தில் சேர்க்கும் ஒரு குடும்பத்தின் வண்டி அது. கணவருக்கு முதுகுவலி, வண்டியை ஓட்டுவதும் கணக்குப் பார்ப்பதும் அக்காதான். அவர் முகத்தில் தூக்கமில்லை.

“இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. மேட்டுல ஏறவே இல்ல,” என்றார்.

மாமா இன்ஜின் மூடியைத் திறந்து, தானியங்கி கியர்ப்பெட்டியின் எண்ணெயை அளக்கும் கம்பியை உருவினார். அதில் ஒட்டியிருந்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தாளில் துடைத்து என்னிடம் காட்டினார். இந்த எண்ணெய் பொதுவாகச் சிவப்பாக இருக்கும். கசிந்தால் இன்ஜின் எண்ணெயிலிருந்து பிரித்தறிவதற்காகவே அதற்குச் சாயம் ஏற்றுகிறார்கள். தாளில் இருந்ததோ கரிய கஷாயம். முகர்ந்து பார்க்கச் சொன்னார். அடிப்பிடித்த சட்டியின் வாடை அடித்தது.

“உராய்வுத் தட்டு கருகிப்போச்சு,” என்றார் மாமா. பாரம் மிகுதியாக ஏற்றி, மேடு பள்ளத்தில் ஓட்டினால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகும். சூடு கூடக்கூட எண்ணெயின் ஆயுள் குறையும். எண்ணெய் கெட்டால் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடாகும். இப்படியே போய் ஒரு நாள் வண்டி நின்றுவிடும்.

புதிய கியர்ப்பெட்டி வாங்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்படும் பழைய வண்டிகளின் கியர்ப்பெட்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால், அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனவே, இருப்பதைப் பிரித்து, தேய்ந்தவற்றை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று. “ஞாயிற்றுக்கிழமை காலையில வண்டி கிடைச்சாப் போதும்,” என்றார் அக்கா. செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது. நாள் ஆக ஆகப் பழத்தில் அமிலம் கூடி எண்ணெயின் தரம் கெடும். தரம் கெட்டால் விலையும் போகும். வண்டியில்லாமல் கழிந்த ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்று அன்று நான் யோசிக்கவில்லை. எனக்குக் கியர்ப்பெட்டியின் உட்புறத்தைப் பார்க்கும் ஆசைதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் கழற்றுவதிலேயே போயிற்று. மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டைக் கழற்றி, எண்ணெய்க் குழாய்களைப் பிரித்து, கியர்ப்பெட்டியை ஜாக்கியில் தாங்கி இறக்கினோம்.

அன்று மாலை தேநீர் குடித்துக்கொண்டே மாமா எனக்கு விளக்கினார். “ரெண்டு மேசை விசிறிய எதிரெதிரா வை. ஒன்ன மட்டும் முடுக்கு. அடுத்தது என்ன ஆகும்?”

“அதுவும் சுத்தும்.”

“காத்துக்குப் பதிலா எண்ணெய நினைச்சுக்கோ. அதுதான் கன்வெர்ட்டர்.”

டார்க் கன்வெர்ட்டர் என்பது பெரிய பூசணிக்காய் அளவுள்ள மூடிய எஃகுக் கூடு. அதற்குள் ஒரு விசிறியை இன்ஜின் சுழற்றுகிறது. அது எண்ணெயை வீசுகிறது. வீசிய எண்ணெய் எதிரேயுள்ள விசிறியைச் சுழற்றுகிறது. இடையிலுள்ள மூன்றாவது சிறு விசிறி, திரும்பிவரும் எண்ணெயை வழிப்படுத்தி விசையைக் கூட்டுகிறது. இதைப் பிற்பாடு நூலகத்தில் தேடிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-ஆம் ஆண்டிலேயே இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். அவர் அதைச் செய்தது கப்பல்களுக்காக. பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழுத் தானியங்கி கியர்ப்பெட்டி, 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் மகிழுந்துகளில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் இலகுரக டாங்கிகள் சிலவற்றிலும் அதையே பொருத்தினார்கள். கப்பலில் தொடங்கிய ஒன்று, கோல கெட்டில் மேட்டில் செம்பனை சுமந்து கருகிப்போய் எங்கள் மேசைக்கு வந்திருந்தது.

கியர்ப்பெட்டிக்குள் பல்சக்கரங்கள் ஒரு குட்டிச் சூரியக் குடும்பம்போல் இருக்கும். நடுவில் இருப்பது சூரியச் சக்கரம். அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள். வெளியே வளையச் சக்கரம். எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பிடிக்கவும் விடவும் செய்பவை கிளட்ச் தட்டுகள். எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று எண்ணெயை ஏவுவது வால்வு பாடி. அலுமினியத்தால் ஆன அந்தப் பாகத்தைத் திறந்தால், எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டியதுபோல் வளைந்து வளைந்து வாய்க்கால்கள் ஓடும். அவற்றில் சில இடங்களில் குண்டுமணி அளவில் எஃகு உருண்டைகள் இருக்கும. எண்ணெய் ஒரு பக்கமிருந்து வந்தால் உருண்டை துளையை அடைக்கும். மறுபக்கமிருந்து வந்தால் விலகி வழிவிடும். ஒருவழிக் கதவு என்று சொல்லலாம்.

வால்வு பாடியைப் பிரித்துக் கழுவும் வேலையை மாமா என்னிடம் கொடுத்தார். அவர் எனக்கு நம்பிக் கொடுத்த முதல் வேலை அது. “துணி வச்சுத் துடைக்காதே. ஒரு நூல் போதும், வால்வு சிக்கிக்கும். கழுவிட்டுக் காத்தடிச்சுக் காய வை. பிரிக்கிறதுக்கு முன்னாடி படம் எடுத்துக்கோ,” என்றார். நான் கைப்பேசியில் படம் எடுத்தேன். அந்தப் படத்தில் என் கை நிழல் பாதி இடத்தை மறைத்திருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

பட்டர்வொர்த் கடையில் சொல்லிவைத்திருந்த உதிரிபாகங்கள் வியாழக்கிழமை மாலை வந்தன. உராய்வுத் தட்டுகள், எஃகுத் தட்டுகள், ரப்பர் சீல்கள், வடிகட்டி, கேஸ்கெட்டுகள். புதிய உராய்வுத் தட்டுகளை மாமா உடனே பொருத்தவில்லை. ஒரு வாளியில் புதிய எண்ணெயை ஊற்றி, அவற்றை இரவு முழுவதும் ஊறப்போட்டார். காய்ந்த தட்டைப் பொருத்தினால் முதல் ஓட்டத்திலேயே அதன் மேற்பரப்பு எரிந்துவிடுமாம். இட்லிக்கு உளுந்து ஊறப்போடுவதுபோல் என்று நான் சொன்னதற்கு, “உளுந்து ஊறலைன்னா இட்லிதான் போகும்,” என்றார்.

கெடாவில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. எங்கள் பட்டறையும் அன்று மூடியிருக்கும். ஆனால், அந்த வாரம் மாமா கதவைப் பாதி மட்டும் திறந்துவைத்து வேலை செய்தார். தெருவில் வண்டிச் சத்தம் குறைவு. நாங்கள் இருவர் மட்டும். அந்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஓர் எஃகுத் தட்டு, ஓர் உராய்வுத் தட்டு, மீண்டும் ஓர் எஃகுத் தட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கினோம். சீலின் உதடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். மெல்லிய வளையங்கள் நழுவாமலிருக்க வாசலின் தடவி ஒட்டவைத்தோம். வாசலின் சூட்டில் எண்ணெயோடு கரைந்துவிடும். கெட்டியான கிரீஸ் கரையாமல் துளைகளை அடைக்கும். அடுக்கி முடித்ததும் தட்டுகளுக்கு மேலுள்ள இடைவெளியை மெல்லிய அளவுத் தகடுகளை நுழைத்து அளந்தார் மாமா. இடைவெளி குறைந்தால் தட்டுகள் விடாமல் உரசும்; கூடினால் பிடிக்கத் தாமதமாகும். ஒரு கிளட்சில் அளவு சரியாக வரவில்லை. மேல் தட்டை எடுத்துவிட்டு வேறு தடிமனுள்ள தட்டைப் போட்டு மறுபடியும் அளந்தார். பின்னர், எண்ணெய் செல்லும் துளையில் காற்றைச் செலுத்தினார். உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். கிளட்ச் பிடித்த சத்தம். எல்லாக் கிளட்சுகளையும் அப்படிச் சோதித்தார்.

நான் கழுவி வைத்திருந்த வால்வு பாடியையும் பொருத்தினோம். மாமா படத்தைக் கேட்டார். காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

சனிக்கிழமை காலையில் கன்வெர்ட்டரைப் பொருத்தும் வேலை. அதைக் கியர்ப்பெட்டியின் தண்டில் செருகி, மெல்லச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். “மூணு தடவ இறங்கணும்,” என்றார் மாமா. முதலில் ஒன்று இறங்கியது. கொஞ்சம் சுழற்றியதும் இரண்டாவது இறங்கியது. அதற்குமேல் அசையவில்லை. எனக்குக் கை வலித்தது. “முடிஞ்சுது மாமா, போல்ட்டு போட்டு இறுக்கினா தானா உள்ள போயிடும்,” என்றேன்.

மாமா என் கையைத் தட்டிவிட்டார். முதன்முறையாக அவர் குரல் உயர்ந்தது. மூன்றாவதாகப் பொருந்த வேண்டியது எண்ணெய்ப் பம்பின் பல். அது பொருந்தாத நிலையில் போல்ட்டை இறுக்கினால், அந்த விசையே பம்பை நொறுக்கிவிடும். நான்கு நாள் வேலையும் அத்தனை உதிரிபாகங்களும் ஒரு நிமிடத்தில் பாழ். அவர் கன்வெர்ட்டரை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடி, குழந்தையை ஆட்டுவதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பினார். கொஞ்ச நேரம் ஆனது. ‘தொப்’ என்று அது இறங்கியது. இரும்பு அளவுகோலை வைத்து ஆழத்தையும் அளந்த பிறகே அடுத்த வேலைக்குப் போனார்.

மாலை ஐந்து மணிக்குக் கியர்ப்பெட்டி வண்டிக்கு அடியில் தன் இடத்தில் இருந்தது. எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்களையும் கழுவிவிட்டோம். அவற்றில் தங்கிய பழைய கரி திரும்பி வந்தால் புதிய தட்டுகளும் கெட்டுவிடும். எண்ணெயை நிரப்பினோம். மாமா அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார், காலையில் வந்து ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று. மறுமுனையில் அவர் சிரித்தது எனக்கும் கேட்டது. பிற்பகலிலேயே குலைகளை வெட்டிவைத்துவிட்டார்களாம்.

மாமா கிளம்பினார். நான் தட்டுகளைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். மண்ணெண்ணெய் இருந்த கடைசித் தட்டைச் சாய்த்தபோது, கறுத்த மண்ணெண்ணெய்க்கு அடியிலிருந்து ஏதோ உருண்டு வந்து விளிம்பில் மோதியது.

குண்டுமணி அளவில் ஓர் எஃகு உருண்டை.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வேறு ஏதாவது பழைய வண்டியுடையதாக இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தத் தட்டை நான் செவ்வாய்க்கிழமைதான் தேய்த்துக் கழுவியிருந்தேன். ஓர் உருண்டைதானே, இத்தனை பெரிய பெட்டியில் இது இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்றும் எண்ணினேன். உருண்டையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன்.

அம்மா தோசை வார்த்துப் போட்டார். இரண்டாவது தோசை இறங்கவில்லை. அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் கையை விட்டு உருண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் நின்று பின்னால் உருளுவதுபோல் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது. சொன்னால் மாமா என்னை நாளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயமும் இருந்தது. ஒன்பதரை மணிக்கு வீட்டுக்கு வெளியே வந்து அவரை அழைத்தேன்.

சொல்லி முடித்ததும் அவர் உடனே எதுவும் பேசவில்லை.

“பிரிக்கும்போது எத்தனை உருண்டை இருந்துச்சு?”

“எண்ணல மாமா.”

மீண்டும் மௌனம். “நானும்தான் உன்னைக் கேக்கல. அந்தப் படத்த ஒழுங்காப் பார்த்திருக்கணும்,” என்றார். “காலையில அஞ்சு மணிக்கு வா. சாவியோட நான் நிப்பேன்.”

நல்லவேளையாக, வால்வு பாடியை எடுக்கக் கியர்ப்பெட்டியை மறுபடியும் இறக்க வேண்டியதில்லை. முந்தைய நாள் ஊற்றிய எண்ணெயைச் சுத்தமான கலனில் வடித்துவிட்டு, அடித்தட்டைக் கழற்றினால் போதும். ஆனால், அந்த வேலைக்கும் நேரம் எடுக்கும். வண்டிக்கு அடியில் படுத்தபடி மாமா ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். நீளம் வேறுபட்ட போல்ட்டுகளை நான் அட்டையில் துளையிட்டு வரிசையாகச் செருகினேன். மேசையில் வைத்துத் திறந்தோம். ஒரே மாதிரியான இரண்டு குழிகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் உருண்டை இருந்தது. மற்றொன்று காலி.

எட்டு மணிக்கு அக்கா வந்துவிட்டார். மாமா வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, “நீயே சொல்லு,” என்றார். நான் சொன்னேன். கையில் உருண்டையைக் காட்டிச் சொன்னேன். அவர் என்னைப் பாராட்டவில்லை. “வெட்டிப் போட்ட பழம் மரத்தடியில கிடக்கு, தம்பி,” என்றார். பிறகு தள்ளிப்போய்த் தொலைபேசியில் பேசினார். வாடகைக்கு ஒரு லாரி கிடைக்குமா என்று யாரிடமோ கேட்டார். கிடைத்தது. வாடகைப் பணத்தைப் பட்டறையே கொடுக்கும் என்றார் மாமா. பிறகு என்னிடம், “பாதி எனக்கு, பாதி உனக்கு,” என்றார். அந்த மாதச் சம்பளத்தில் அது கழிந்தது.

நண்பகலுக்குச் சற்று முன்னர் வேலை முடிந்தது. இன்ஜினை முடுக்கி, கியர்த் தண்டை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி, எண்ணெய் சூடான பிறகு அளவைச் சரிபார்த்தோம். பின்புறத்தில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாமா வண்டியை எடுத்தார். அக்கா முன்னே, நான் பின்னிருக்கையில். பீடோங்கைத் தாண்டி, குரூண் போய், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைச் சாலையில் கொஞ்ச தூரம் ஏறினோம். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று. மாறுவது காதுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. மலைச் சரிவில் வண்டியை நிறுத்தி மீண்டும் எடுக்கச் சொன்னார் அக்கா. மாமா எடுத்தார். பிறகு அக்காவே ஓட்டுநர் இருக்கையில் ஏறி, அதே இடத்தில் மூன்று முறை நிறுத்தி எடுத்துப் பார்த்தார். திரும்பும் வழியில் பாரத்தைக் குறைத்து ஏற்றும்படி மாமா சொன்னதற்கு, “பார்ப்போம்,” என்று மட்டும் பதில் வந்தது.

மறுநாள் பட்டறை மேசையில் நீல அட்டை போட்ட ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. மாமா வாங்கி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் வண்டியின் எண்ணை எழுதச் சொன்னார்; அதன் கீழே உருண்டைகளின் எண்ணிக்கை, அவை இருக்கும் இடம், போல்ட்டுகளின் நீளம். என் கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருந்ததால் இரண்டாம் முறை எழுத வைத்தார்.

தேர்வு முடிவு வந்தது. வாகனத் தொழில்நுட்பம் படித்து, மலேசியத் திறன் சான்றிதழின் மூன்றாம் நிலையை முடித்தேன். விடுமுறை நாள்களில் மாமாவின் பட்டறைக்குப் போவதை மட்டும் விடவில்லை. அப்படி ஒரு விடுமுறையில் அந்தப் பிக்கப் எண்ணெய் மாற்ற வந்தது. அடித்தட்டைக் கழற்ற நான் வண்டிக்கு அடியில் நுழைந்தபோது, மேலே நின்றிருந்த அக்கா குனிந்து பார்த்தார்.

“தம்பி, இந்தத் தடவ எண்ணிட்டுத்தானே ஆரம்பிக்கிற?”

வடித்த எண்ணெய் இன்னும் சிவப்பாகவே இருந்தது.